தம் ஒலியைத் தாமே காத்தவர்

பட்டி போல்டன் என்பார் ஒருவர் இருந்தார். அமெரிக்க நாட்டின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் அமைந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1877ஆம் ஆண்டு பிறந்தவர். கார்னெட் என்னும் பித்தளை ஊதுகருவியை வாசித்தவர். ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் இவர் பெயரைச் சொல்லித்தான் தம் நூலைத் தொடங்குகின்றனர். அவர் ஊதினால் நெடுந்தொலைவு கேட்கும் என்று உடனிருந்தோர் வியந்து கூறிச் சென்றனர். 1907இல் அவர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; 1931இல் அங்கேயே மறைந்தார். அவர் எழுப்பிய இசையில் ஒரு நொடிப்பொழுதுகூட இன்று கேட்கக் கிடைக்கவில்லை. ஓர் இசைத்தட்டும் எஞ்சவில்லை. நம் முன்னோர் முழக்கிய பறையடிகள் எத்தனை இவ்வாறு காற்றோடு கலந்து போயின என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

போல்டன் பிறந்த அதே நகரில் 1901 ஆகஸ்டு 4ஆம் நாள் பிறந்த மற்றொருவர், தம் இசையையும், தமக்கு முன்னோர் இசையையும், தம் பேச்சையும் சிரிப்பையும் சினத்தையும்கூட ஒலிநாடாக்களில் பதிந்து, எண்ணிட்டு, பட்டியலெழுதி, பெட்டிகளில் அடுக்கி வைத்துச் சென்றார். அவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவருடைய டிரம்பெட் வாசிப்பைப் பற்றி உலகம் நிறையவே எழுதியிருக்கிறது. அவர் சேர்த்து வைத்த நாடாக்களைப் பற்றித்தான் நாம் இங்கே எழுத விரும்புகிறோம். ஆயின் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது விளங்க வேண்டுமானால், இசைத்தட்டு என்னும் பொருள் அந்நாட்டுக் கறுப்பின மக்களுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை முதலில் காண வேண்டும்.

ஜாஸ் என்னும் பெயரோடு வெளிவந்த முதல் இசைத்தட்டு 1917 பிப்ரவரி 26ஆம் நாள் நியூயார்க் நகரில் விக்டர் நிறுவனத்தாரால் பதியப்பட்டது. வாசித்தவர்கள் ஐவர், ஐவரும் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையர். அவர்கள் நன்றாகவே வாசித்தனர், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்குழுவின் தலைவரான நிக் லரோக்கா என்பவர், ஜாஸ் வெள்ளையரின் படைப்பே என்றும், கறுப்பின மக்களுக்கு அதில் பங்கில்லை என்றும் பிற்காலத்தில் வாதிட்டு வந்தார். அவர் கையில் ஓர் இசைத்தட்டு இருந்தது; அதன்மேல் ஒரு தேதி இருந்தது. போல்டனிடம் அவை இல்லை. பதிவு என்பது வெறும் பொழுதுபோக்குப் பொருளன்று, வழக்காடும் இடத்தில் வைக்கப்படும் சான்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நாம் அறியோம்.

கறுப்பினப் பெண்மணி ஒருவர் புளூஸ் பாடலைப் பாடி இசைத்தட்டு வெளிவர 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேமி ஸ்மித் என்பவர் ஓகே நிறுவனத்துக்காக அவ்வாண்டு ஆகஸ்டில் பாடிய தட்டு, நிறுவனத்தார் எதிர்பாராத அளவில் விற்றது. வாங்கியோர் ஏழைகள், நகரத்து வீட்டுப் பணிப்பெண்களும், ஆலைத் தொழிலாளரும், பருத்திக்காட்டுக் கூலிகளும் ஆவர். ரயில்களில் பணிபுரிந்த கறுப்பினப் பணியாளர்கள் இத்தட்டுகளைத் தெற்கிலுள்ள சிற்றூர்களுக்குத் தம்மோடு கொண்டு சென்று விற்றனர். இதைக் கண்ட நிறுவனங்கள் கறுப்பின மக்களுக்கென்றே தனி வரிசையும் தனிப் பட்டியலும் ஏற்படுத்தின. கடையில் வாங்கும் பாட்டுக்கும் தனிக் குவளை! பாடியவர்க்கும் வாசித்தவர்க்கும் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துக் கணக்கை முடிப்பதே பொதுவழக்கமாக இருந்தது. தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் உரிமைத்தொகை வருவதில்லை.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லிச் செல்கிறோம். அக்காலத்து இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. அவ்வரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டிச் சேர்த்த அரக்கு, கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி, அமெரிக்காவில் தட்டாகி, கறுப்பின மக்களின் குரலைத் தாங்கியது. இரு சாராரும் ஒருவரை ஒருவர் அறிந்தாரில்லை.

கூலி வாங்கிப் பாடுவதோடு நிற்காமல், தட்டு வெளியிடும் நிறுவனத்தையே தாம் நடத்த வேண்டும் என்று எண்ணியவர்களும் இருந்தனர். 1921இல் ஹாரி பேஸ் என்னும் கறுப்பினத்தவர் நியூயார்க்கில் 'கருப்பு அன்னம்' என்று பொருள்படும் 'பிளாக் ஸ்வான்' நிறுவனத்தைத் தொடங்கினார். பெரும் அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அதன் இயக்குநர்களுள் ஒருவர். (இதே டு பாய்ஸுக்குத்தான் 1946இல் நம் டாக்டர் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குச் செய்துகொண்ட விண்ணப்பத்தின் படியைக் கேட்டுக் கடிதம் எழுதினார் என்பதை நம் இளைஞர் நினைவிற்கொள்ள வேண்டும்.) எத்தல் வாட்டர்ஸ் பாடிய தட்டுகள் அந்நிறுவனத்துக்குப் புகழ் தந்தன. ஆயினும் பெரிய நிறுவனங்களின் போட்டியும், வானொலியின் வரவும் சேர்ந்து நெருக்க, 1923இன் இறுதியில் அது நொடித்தது. மறு ஆண்டில் அதன் பதிவுகள் வெள்ளையரின் பாரமவுண்ட் நிறுவனத்தின் கைக்குப் போயின.

அந்நிறுவனத்தில் இசைப்பொறுப்பு ஏற்றிருந்த இளைஞர் பிளெட்சர் ஹெண்டர்சன். இவரைப் பற்றிக் கல்விச் சங்கத்து மலரில் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் 1897இல் பிறந்து, அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றவர் அவர். மேற்படிப்பை எண்ணி 1920இல் நியூயார்க் வந்தார். கறுப்பின வேதியியலாளருக்கு அந்நகரில் வேலைவாய்ப்பு அரிதாக இருந்தது. பியானோ வாசிக்கத் தெரிந்திருந்ததால் பாட்டுப் புத்தகக் கடையொன்றில் பாடல்களை வாசித்துக் காட்டும் வேலையில் அமர்ந்தார். அங்கிருந்து பிளாக் ஸ்வான். அதன்பின் தமக்கென ஒரு வாத்தியக் குழு. பத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட குழுவைப் பிரிவுகளாக்கி, பித்தளைக் கருவிகள் கேட்க, நாணற்குழல்கள் விடையிறுக்கும் முறையில் இசையை எழுதும் வகையை டான் ரெட்மன் என்பாரோடு சேர்ந்து வளர்த்தார். பின்னாளில் ஸ்விங் என்று உலகம் கொண்டாடிய இசைக்கு அடித்தளம் அதுவே. 1934ஐ ஒட்டிய பஞ்சக் காலத்தில் அவருடைய குழு பணமின்றிக் கலைந்தது. அவர் எழுதிய இசையமைப்புகளை வெள்ளையரான பென்னி குட்மன் விலைகொடுத்து வாங்கினார். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து நடன அரங்கொன்றில் அவற்றை வாசித்துப் பெரும்புகழ் எய்திய குட்மனுக்கு 'ஸ்விங் இசையின் மன்னர்' என்ற பட்டமும் வந்தது. குட்மன் மீது நாம் குறை கூற மாட்டோம். அவர் ஹெண்டர்சனின் பெயரை மறைத்தவரல்லர். டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் ஆகிய கறுப்பினக் கலைஞரைத் தம்மோடு மேடையில் அமர்த்த அஞ்சாதவர். எனினும் பட்டம் யார் தலையில் ஏறியது என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. வேதியியல் கற்றவர் ஆய்வுக்கூடத்துக்குள் போக முடியவில்லை. தாம் ஆக்கிய இசையின் அரியணையிலும் அமர முடியவில்லை.

இனி ஆம்ஸ்ட்ராங்கிடம் வருவோம். அவர் பிறந்த பகுதி, சண்டை சச்சரவுகளின் காரணமாகப் 'போர்க்களம்' என்றே அழைக்கப்பட்டது. தந்தை பிரிந்து சென்றார். தாய் மேயன் உழைத்து வளர்த்தார். சிறுவன் லூயி, பழம்பொருளும் நிலக்கரியும் விற்கும் கர்னாஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தாரிடம் வண்டியில் ஏறி வேலை பார்த்தான். அடகுக்கடையில் 5 டாலர் விலையிட்டிருந்த பழைய கார்னெட் ஒன்றை வாங்க அவர்கள் முன்பணம் தந்து உதவியதை, நோயுற்று மருத்துவமனையிலிருந்த 1969ஆம் ஆண்டில் ஆம்ஸ்ட்ராங் நன்றியோடு எழுதி வைத்தார். 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டுச் சீர்திருத்த இல்லம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியர் முறையாக ஊதக் கற்றுக்கொடுத்தார். பின்னர் குருவாக வாய்த்தவர் ஜோ ஆலிவர். 'கிங்' ஆலிவர் என்று மக்கள் அழைத்த கார்னெட் கலைஞர். அவர் சிகாகோவிலிருந்து அழைப்பு விடுக்க, 1922இல் ஆம்ஸ்ட்ராங் ரயிலேறினார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், ஜென்னட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆலிவரின் குழு வாசித்தது. மைக்ரோபோன் பயன்பாட்டுக்கு வராத காலம் அது. கலைஞர்கள் பெரியதொரு கூம்புக் குழாயின் முன் நெருங்கி நின்று வாசிக்க, ஒலியின் அதிர்வு மெழுகில் கோடாக விழும். கூடத்தின் அருகே ரயில் பாதை ஓடியதால் வண்டி போகும்போதெல்லாம் வேலையை நிறுத்த வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே கொள்ளும். ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் மற்றவரை அமுக்கிவிட்டதால் அவரைத் தொலைவில் நிறுத்தினர் என்று ஒரு கதை வழங்குகிறது. அதனினும் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று. அந்நாளில் இண்டியானாவில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை வெறியர் கூட்டம் பெருகிக் கிடந்தது. அக்கூட்டத்தார் பணம் கொடுத்துக் கேட்ட தட்டுகளையும் இதே ஜென்னட் நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்தது. கறுப்பினத்தாரின் இசையும், அவரைக் கொல்லத் துணிந்தோரின் பாட்டும் ஒரே ஆலையில் உருவாயின. தட்டுக்கு அறம் இல்லை. அதை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதே கேள்வி.

சிகாகோவில் 1925 முதல் 1928 வரை ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்னும் சிறு குழுக்களோடு ஆம்ஸ்ட்ராங் பதிந்த தட்டுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. குழுவாகச் சேர்ந்து ஊதும் இசையாக இருந்ததை, தனியொருவர் தம் கற்பனையை விரித்துக்காட்டும் இசையாக அவர் ஆக்கினார். 1929இல் அவர் பதிந்த 'பிளாக் அண்ட் புளூ' என்னும் பாடலையும் சொல்ல வேண்டும். ஃபேட்ஸ் வாலரும் ஆண்டி ரசாஃபும் நாடகத்துக்கென ஆக்கிய அப்பாடல், கருநிறம் மிகுந்ததால் காதலனை இழந்த பெண்ணின் புலம்பலாக இருந்தது. ஆம்ஸ்ட்ராங் அதன் முற்பகுதியை நீக்கிப் பாடினார். உடனே அது ஓர் இனத்தின் குரலாயிற்று. விடுதலைக்கு முந்தைய கானாவுக்கு 1956இல் சென்றபோது குவாமே நிக்ருமா முன்னிலையில் அவர் இதைப் பாடினார்.

குருவான ஆலிவரின் முடிவு வேறு. ஈறு நோயால் பற்கள் விழுந்து, ஊத முடியாமல் போய், சேமிப்பும் கரைந்து, ஜார்ஜியாவில் சவானா நகரத்தில் காய்கறி விற்றும் விளையாட்டு விடுதியொன்றைப் பெருக்கியும் பிழைத்தார். அவ்வூர் வழியே சென்ற ஆம்ஸ்ட்ராங் அவரைக் கண்டு, தம் கையிலிருந்த பணத்தைக் கொடுத்தார். 1938இல் ஆலிவர் இறந்தார். அவருடைய தட்டுகளோ அன்று கடைகளில் கிடைப்பதும் அரிதாகியிருந்தது. தம்மை ஆளாக்கியவரின் ஒலி இப்படித் தேய்வதைக் கண்ணால் கண்ட ஒருவர், பின்னாளில் நாடாக் கருவியைத் தேடிச் சென்றதில் வியப்பில்லை என்று நாம் கருதுகிறோம்.

1950இன் இறுதியில் ஆம்ஸ்ட்ராங் ஒலிநாடாக் கருவியை வாங்கினார். அன்று முதல் அது அவரை விட்டுப் பிரியவில்லை. ஆண்டின் பெரும்பகுதியை ஊர் ஊராகச் சென்று வாசிப்பதில் கழித்த அவர், இரு நாடாக் கருவிகளையும் தட்டுச்சுழலியையும் ஒரு பயணப் பெட்டியில் பொருத்தி உடன் கொண்டு சென்றார். விடுதி அறையிலும் ஒப்பனை அறையிலும் பெட்டி திறக்கப்படும். கிங் ஆலிவரின் பழைய தட்டுகள், தம் ஹாட் ஃபைவ் தட்டுகள், ஸ்விங் காலத்துப் பாடல்கள், ஐரோப்பிய இசைநாடகப் பாடகர்களின் தட்டுகள் என எல்லாவற்றையும் நாடாவில் ஏற்றினார். தேடி வந்தோர்க்கெல்லாம் போட்டுக் காட்டினார். நண்பர்க்குக் கடிதம் எழுதுவதற்கு மாறாக நாடாவில் பேசி அனுப்பியதும் உண்டு. பழைய தட்டைச் சுழலவிட்டு, அதனோடு தாமும் ஊதிப் பதிந்த நாடாக்களும் இருக்கின்றன. 20 வயதில் வாசித்த இசைக்கு 50 வயதில் துணை வாசிப்பது எத்துணை அரிய காட்சி!

நாடாக்களின் தொகை 700ஐ மிஞ்சும். பெட்டிகளின் மேலட்டையைக்கூட அவர் வெறுமையாக விடவில்லை. செய்தித்தாள், புகைப்படம், வாழ்த்து மடல் ஆகியவற்றைக் கத்தரித்து, ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒவ்வொன்றையும் ஒரு படமாக ஆக்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தம் கைப்பட எழுதி வைத்தார். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர் அவர்; ஆயினும் தட்டச்சுப் பொறியும் பேனாவும் ஓயாமல் எழுதித் தள்ளினார். 1954இல் வெளிவந்த அவருடைய இளமைக் கால வரலாறு அவரே எழுதியது.

இத்தொகுப்பால் வந்த பயனுக்கு ஒரு சான்று போதும். 1937இல் ஃபிளைஷ்மன் ஈஸ்ட் நிறுவனம் நடத்திய வானொலி நிகழ்ச்சியில் சில வாரங்கள் ஆம்ஸ்ட்ராங் தலைமை ஏற்றார். நாடு முழுதும் ஒலிபரப்பாகும் அத்தகைய நிகழ்ச்சியைக் கறுப்பினத்தவர் ஒருவர் நடத்தியது அதுவே முதல்முறை. ஒலிபரப்பின் படிகளை அவர் தட்டுகளாகத் தம் வீட்டில் வைத்திருந்தார். அவர் மறைந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2008இல், அத்தட்டுகளும் சில வீட்டு நாடாக்களும் வெளியிடப்பட்டன. ஸ்விங் இசை கொடிகட்டிப் பறந்த ஆண்டில் அவர் குழு எப்படி வாசித்தது என்பதை அவ்வெளியீட்டின் வழியே கேட்க முடிகிறது.

இசைக்கு அப்பாலும் இந்நாடாக்கள் ஒரு வழக்கைத் தீர்த்திருக்கின்றன. மேடையில் சிரித்த முகத்தோடும் கைக்குட்டையோடும் நின்ற ஆம்ஸ்ட்ராங்கை, வெள்ளையரை மகிழ்விக்கும் அடிமை என்று இளந்தலைமுறையினர் பலர் ஏளனம் செய்தனர். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அவ்வாறு குறை கூறியவரே. பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இவ்வேளனத்தில் சிறிதும் பொருளில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். உயிர் வாழச் சிரிக்க வேண்டியிருந்த தலைமுறையை, நிமிர்ந்து நடக்கும் தலைமுறை புரிந்துகொள்வது எளிதன்று. நம் இல்லங்களிலும் இதைக் காண்கிறோம். ஆனால் 1957 செப்டம்பரில், ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பள்ளியில் நுழைவதைப் படைகொண்டு ஆளுநர் தடுத்தபோது, ஆம்ஸ்ட்ராங் வாய்திறந்தார். வடக்கு டகோட்டாவில் தம்மைக் காண வந்த இளம் செய்தியாளரிடம், குடியரசுத் தலைவர் ஐசனோவருக்குத் துணிவில்லை என்று பேசினார். அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் மறுத்தார். எழுதிய செய்தியைக் காட்டியபோது ஒப்பிக் கையெழுத்தும் இட்டார். மிசிசிப்பி மாநிலத்து வானொலி நிலையம் ஒன்று அவருடைய தட்டுகளையெல்லாம் தூக்கியெறிந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதைத் தடுக்கும் சட்டம் 1956இல் லூசியானாவில் வந்ததும், பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் வாசிப்பதையே அவர் நிறுத்தினார். 1964இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், 1965இல்தான் அங்கே மீண்டும் ஊதினார். ஒருநாள் எழுந்த சினம் அன்று இது. வீட்டு நாடாக்களில், மேடையில் காட்டாத கசப்பும், இனக்கொடுமை பற்றிய நேரான சொற்களும் இருக்கின்றன. பின்வருவோர் கேட்பர் என்ற எண்ணத்தோடே அவர் பதிந்தார் என்பதும் தெரிகிறது. தம்மைப் பற்றிப் பிறர் எழுதிய வரலாற்றுக்கு அருகே தம் குரலையும் அவர் வைத்துவிட்டுப் போனார்.

இறுதி ஆண்டுகளில், உடல்நலம் குன்றி, ஊதக்கூடாது என்று மருத்துவர் தடுத்த வேளையில், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொரோனாவிலிருந்த தம் வீட்டில் அமர்ந்து நாடாக்களைப் புதிதாக எண்ணிட்டுப் பட்டியலை மறுபடி எழுதினார். அவ்வீடு மனைவி லூசில் 1943இல் வாங்கிய எளிய வீடு. உழைக்கும் மக்கள் வாழும் தெரு. உலகப்புகழ் பெற்ற பின்னும் அவர்கள் வேறிடம் போகவில்லை. 1971 சூலை 6ஆம் நாள் அவ்வீட்டிலேயே உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. லூசில் அம்மையார் ஒரு பொருளையும் சிதறவிடாமல் காத்து, 1983இல் மறைந்தார். வீடு நியூயார்க் நகருக்கு உரியதாயிற்று. குவீன்ஸ் கல்லூரி நாடாக்களைப் பொறுப்பேற்று, 1994இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டது. 2003இல் வீடு காட்சியகமாயிற்று. 2018இல் தொகுப்பு முழுவதும் கணினி வழியே எவரும் காணவும் கேட்கவும் தக்கதாக வெளியிடப்பட்டது. 2023இல் எதிர்ச்சாரியில் தனி மையமும் எழுந்தது.

வீட்டின் மாடியில் அவருடைய எழுத்தறை அன்றிருந்தபடியே இருக்கிறது. மேசை இருக்கிறது, நாடாக் கருவிகள் சுவரோடு பொருத்தியபடியே உள்ளன. சுற்றிப் பார்க்க வருவோர்க்கு அறைக்கு அறை அந்நாடாக்களிலிருந்து சில பகுதிகளை ஒலிக்கச் செய்கின்றனர். தட்டு ஒன்று சுழல்கிறது, யாரோ சிரிக்கின்றனர், கரகரத்த அக்குரல் அடுத்து வரும் பாட்டு எதுவெனச் சொல்கிறது.